மூன்று கோட்டுக்கு மேல் ஒரு பை

கோபிப் பாலைவனத்தை மடித்துக் கொடுத்தால், என் அம்மா நர்மந்தாக் அதைப் பைக்குள் அடைத்து ஒட்டகத்துக்கும் இடம் பிடிப்பாள். சீன எல்லையூரான எரேனில் சரக்கு வாங்கி, ரயிலில் எங்கள் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தருக்குக் கொண்டுவந்து விற்பதுதான் பிழைப்பு. உடம்பில் போட்டிருப்பது சுங்கக் கணக்கில் சேராது என்பதால், மூன்று புதுக் கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொள்வாள்.

பை சுமந்து சுமந்து அவள் தோள் மரத்துப்போயிருந்தது. இனி கனம் தூக்கினால் குளிர்காலம் முழுக்கப் படுக்கைதான் என்று மருத்துவர் சொல்லியும், கனமான பையை அவள் என்னிடம் விடவில்லை. ரயிலில் அவள் கழிவறைக்குப் போன நேரத்தில் அதிலிருந்த பூட்ஸ்களை என் பைக்கு மாற்றி, என் பையிலிருந்த பஞ்சுச் சட்டைகளை அதில் திணித்தேன். மூன்று கோட்டுக்கு மேல் பையின் பட்டை தொங்கினால் கனம் குறைந்தது தெரியாது என்று நினைத்தேன்.

ஊரில் இறங்கியதும் அம்மா நின்றாள்.

"என்னடி, பை தலையணை மாதிரி இருக்கு?"

"நேத்து நீ தின்ன ஆட்டுக்கறித் தெம்பு வேலை செய்யுதும்மா."

"மரத்துப்போனது தோள்தான், கை இல்லடி கழுதை. பூட்ஸ் எங்க?"

"வழியிலேயே வித்துட்டேன்."

சொல்லிக்கொண்டே என் பையைத் தூக்கினேன். ஜிப் பிளந்து, பூட்ஸ்கள் நடைமேடையில் கொட்டின.



"பொறுக்கு. உன் பையிலயே போடு," என்றாள் அம்மா.