கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் வந்த படம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், செபமாலை சொல்வேன், அதோடு சரி. செத்தவர் வந்து நின்றார் என்று சொன்னவர் முகத்துக்கு நேராகவே சிரித்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களும் அப்படிச் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஒரே மகன் ஜெரோம், இன்ஜினியரிங் கடைசி வருடத்தில், காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அவன் விட்டுப்போனது ஒரு கம்ப்யூட்டர். கடையில் முழுதாக வாங்கியதில்லை, ஒவ்வொரு சாமானாகப் பார்த்துப் பார்த்து வாங்கி அவனே பூட்டியது. முதுகு பருத்த பழைய மானிட்டர், பக்கத்தில் நாய்க்குட்டி போல நிற்கிற கேபினெட். சூடாகிறது என்று கேபினெட்டின் பக்கத்து மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டான், உள்ளே எல்லாம் தெரியும். கல்லூரியிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் முதலில் அதன் சுவிட்சைத்தான் தட்டுவான். அவன் போன பிறகு அந்த வேலையை என் மனைவி ரெஜினா எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அதில் எதுவும் இயக்கத் தெரியாது. அவன் வருகிற நேரத்துக்குப் போடுவாள், திரையில் வெளிச்சம் வரும், கொஞ்ச நேரம் எதிரே உட்கார்ந்திருப்பாள், அணைப்பாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுகிற மாதிரிதான். நான் தடுக்கவில்லை.

மூடியை அவள் மாட்டவே இல்லை. அவன் வைத்தபடி இருக்கட்டும் என்றாள். கேபினெட்டின் மேலேயே அவன் படத்தை ஃப்ரேம் போட்டு வைத்து, வாரா வாரம் மாலை சாற்றினாள். மாலை வாடக்கூடாது என்று தண்ணீர் வேறு தெளிப்பாள்.

அந்தப் படம்தான் எங்கள் துயரத்துக்குள் இன்னொரு துயரம். ஜெரோம் போட்டோவுக்கு நிற்கவே மாட்டான். சின்ன வயதுப் படங்களை விட்டால் எங்களிடம் இருந்தது ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கியதில் முகம் மாவு பூசியது போல ஆகிவிட்டது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு, "ஏங்க, கண்ண மூடினா அவன் முகம் வரமாட்டேங்குது. அந்தப் படந்தான் வருது. அது அவன் மூஞ்சி இல்லீங்க," என்றாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. மகனைப் பறிகொடுத்த வீட்டில் இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் ஜெரோமின் சிநேகிதன் செந்தில் வந்தபோதுதான் அந்த விஷயம் தெரிந்தது. பிள்ளைச்சாவடியில் ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஜெரோமை அவன் ஒரு போட்டோ எடுத்திருக்கிறான், அது இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, செந்திலிடம் இருந்த பிரதி அழிந்துவிட்டது. ரெஜினா எழுந்து ஓடினாள். சுவிட்சைப் போட்டாள். நம்ப மாட்டீர்கள், அத்தனை மாதம் தவறாமல் வந்த வெளிச்சம் அன்றைக்கு வரவில்லை. ஒரு நீண்ட 'பீப்', பின்னாலேயே குட்டிக் குட்டியாக இரண்டு. திரை கறுப்பு.

"டிஸ்ப்ளே கார்டு மக்கர் பண்ணுது ஆன்ட்டி," என்று செந்தில் தரையில் உட்கார்ந்து அதைக் கழற்றினான். படத்தைத் திரைக்கு அனுப்புகிற கார்டு அது. "இத வாங்கிட்டு வந்த அன்னிக்கு கட்டில்ல பக்கத்துலயே வெச்சிட்டுத் தூங்கினானாம். இதையே கட்டிக்கோடான்னு ஓட்டுவோம்."

ரெஜினா சிரித்தாள். பல மாதம் கழித்து.

ரப்பர் கேட்டான். ஜெரோமின் பென்சில் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கார்டின் பித்தளை நிறப் பல்வரிசையை அழித்து அழித்துத் துடைத்தான். கடற்கரை ஊரில் உப்புக்காற்றுக்கு இது கறுக்கும், இப்படித் துடைத்தால் வந்துவிடும் என்றான். வரவில்லை. அவளைக் காபி போட அனுப்பிவிட்டு என்னிடம் மட்டும் காட்டினான். கார்டின் மேல் பச்சைப் பாசி போல ஏறியிருந்தது, இடுக்கில் காய்ந்த சாமந்தி இதழ்கள்.

"மாலைத் தண்ணி சொட்டியிருக்கு அங்கிள். ஆன்ட்டிகிட்ட சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஹார்ட் டிஸ்க்கைக் கொடுங்கள், என் கம்ப்யூட்டரில் போட்டுப் படத்தை எடுத்துவிடுகிறேன் என்றான் செந்தில். ரெஜினா கேபினெட்டுக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். "வேணாம்பா. ரெண்டு நாள்ல வந்துடுவான்னு ஒருதரம் இந்த வீட்ல இருந்து அனுப்பிட்டேன்." அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பத்தில் தன் வீட்டுக்குப் போனான், வேறு கார்டு கிடைத்தால் அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லி. போகும்போது, "சுவிட்ச் போடாதீங்க ஆன்ட்டி, போட்டாலும் ஒண்ணும் வராது. இந்த போர்டுல டிஸ்ப்ளேக்கு வேற வழி கிடையாது," என்றான். மானிட்டர் ஒயரை மேசைக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தான். சொருக இடமே இல்லையே.

கல்லறைத் திருநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம். காலையில் பூசை, பிறகு கல்லறையில் மெழுகுவர்த்தி, வீடு திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. நான் ஈஸி சேரில் சாய்ந்திருந்தேன், தூங்கவில்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். சுவிட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், பாவம், பழக்கம், போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஃபேன் சுற்றியது. பீப் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஏங்க," என்றாள். கத்தவில்லை. தூங்குகிற குழந்தை எழுந்துவிடும் என்பது போல மெல்ல. "ஏங்க, இங்க வாங்க."

மானிட்டரில் படம் வந்திருந்தது. விண்டோஸ் இல்லை, ஐகான் இல்லை, திரை முழுக்க அந்த ஒரே படம். மொட்டை மாடி, கைப்பிடிச்சுவர், அதற்கப்பால் கடல், கட்டம் போட்ட நீலச் சட்டையில் ஜெரோம். நிறம் கொஞ்சம்கூட மங்கவில்லை. ரெஜினா கண்ணாடித் திரையை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு, "பாருங்க, எப்பிடி சிரிக்கிறான் பாருங்க. அந்தத் தெத்துப் பல்லு. இதாங்க, இதாங்க எம்புள்ள மூஞ்சி," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழையில் கரண்ட் போனது, படமும் போனது.

மழை இருட்டில் மேசைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். ஒயரின் நுனி கையில் வந்தது. எதிலும் சொருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்ததும் நானே சுவிட்சைப் போட்டேன். நீண்ட பீப் ஒன்று, குட்டி பீப் இரண்டு. கறுப்புத் திரை.

ரெஜினா எழுந்துபோய் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள். நான் விழித்திருந்து எனக்குத் தெரிந்த இயற்பியலையெல்லாம் புரட்டினேன். பழைய மானிட்டர்களில் வெகுநேரம் நின்ற படத்தின் தடம் திரையில் பதிந்துபோவது உண்டு. அது மங்கலாகத் தெரியும், இப்படி நிறத்தோடு வராது. கம்பி தொடாமல் படம் வர எந்த விதியிலும் இடமில்லை.

சனிக்கிழமை செந்தில் சொன்னபடி ஒரு பழைய கார்டோடு வந்தான். சொருகியதும் திரை வந்தது. எங்கோ உள்ளே புதைந்திருந்த போட்டோவைத் தேடித் திறந்தான். ஜெரோம் கைப்பிடிச்சுவரில் முதுகைச் சாய்த்து எங்களைப் பார்த்துச் சிரித்தான், தெத்துப் பல் தெரிய.

"இதான். அன்னிக்கு வந்தது இதேதான்," என்றாள் ரெஜினா.

செந்தில் என்னைப் பார்த்தான். கார்டு இல்லாமலா என்று கேட்பது போல இருந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் படம்தான் இப்போது ஜெரோமின் கல்லறைக் கல்லில் பதிந்திருக்கிறது. முகம் மறக்கிறது என்று ரெஜினா அதன் பிறகு ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இத்தனை வருடமாக அவள் நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் இதை அவளிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நான் பார்த்தது அந்தப் படம் இல்லை. அதே மாடி, அதே சுவர், அதே சட்டை. ஆனால் எனக்குத் தெரிந்தது ஜெரோமின் முதுகு. சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். ஒரே திரையில், ஒரே நேரத்தில், அவளுக்கு முகம், எனக்கு முதுகு.

அந்தச் சனிக்கிழமை செந்திலை வாசல்வரை கொண்டுவிடப் போனபோது, சும்மா கேட்பது போல, "பின்னால இருந்து ஏதாவது எடுத்தியாப்பா?" என்றேன்.

"இல்ல அங்கிள், அந்த ஒண்ணுதான். எடுத்து முடிச்சதும் திரும்பி கடலப் பாத்துட்டு நின்னுட்டான். ரொம்ப நேரம். டேய், டீ ஆறுதுடான்னு கத்தறேன், திரும்பவே இல்ல. காதுல வாங்காத மாதிரி." பைக்கில் ஏறி உட்கார்ந்தவன், "ஏன் அங்கிள்?" என்றான்.

ஒன்றுமில்லை என்றேன்.

அன்றைக்கு ரெஜினா திரையோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவளுக்குக் கேட்காதபடி நானும் ஒருமுறை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. ஆனால் அசையக்கூடாத அந்தப் படத்தில், என் குரல் கேட்டது போல, சுவரில் ஊன்றியிருந்த அவன் விரல்கள் மெல்ல மடங்கின.