கண் வைக்காத களம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாகர்காவு, பாம்புகளுக்கென்று வெட்டாமல் விட்ட தோப்பு. அதை ஒட்டிக் குளம். குளத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே நாலைந்து மூடு வாழைதான். குளத்தில் தண்ணீர் கிடந்தால் கிணற்றிலும் கிடக்கும். இது பாறசாலைப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கணவரின் அண்ணனுக்கு மட்டும் தெரியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில், குளத்தை மண் போட்டு நிரப்பி வீட்டுமனை ஆக்கப்போவதாகச் சொன்னார். கணவர் வளைகுடாவில் இருந்தார். போனில் கேட்டால், "அண்ணன் பார்த்துக்கிடுவாரு" என்றார். நன்றாகப் பார்த்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் சித்திர டீச்சர். வேறு எந்த ஆயுதமும் என்னிடம் இல்லை. வயல்கள் மனையாவதையும் குன்றுகள் பாதியாவதையும் வரைந்து திருவனந்தபுரத்தில் ஒரு கண்காட்சியில் வைத்தேன். வந்தவர்கள் "கொள்ளாம், நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போனார்கள். அண்ணனும் வந்தார். படத்தின் சட்டம் நல்ல தேக்கு என்று மெச்சினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காட்டாக்கடைப் பக்கம் வெட்டிய செம்மண் லாரியில் வருவதாக ஏற்பாடு. லாரிக்கு வழி வேண்டி காவின் ஓரத்து மரங்களை முறித்தார்கள். அதன்பிறகு குளத்தில் தவளைச் சத்தம் நின்றது. பாம்புகள் வெளியே வரத் தொடங்கின. ஒன்று துணி துவைக்கும் கல்லில் கிடந்தது, இன்னொன்று அடுக்களை விறகுக்குள். மாமியார் விளக்கு இல்லாமல் அறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை.

வருடா வருடம் காவில், நாகப்பாட்டுப் பாடும் புள்ளுவர் வந்து பொடிக்கோலமாக நாகக்களம் எழுதுவார்கள். அரிசிமாவு, மஞ்சள், உமிக்கரி, வாகையிலைப் பொடி எல்லாம் சிரட்டை ஓட்டை வழியாக விழுந்து தரையில் பாம்புகளாகப் பின்னிக்கொள்ளும். கடைசியில்தான் கண். கண் வைத்தால் நாகம் வந்து இருந்துவிட்டது என்று பொருள். பிறகு பாட்டு, பூசை, வீட்டுப் பெண்கள் கமுகம்பூக்குலையால் களத்தை அழிப்பார்கள். கண் வைக்காத களத்தை மட்டும் யாரும் மிதிக்கவோ அழிக்கவோ கூடாது. கண் வைக்க வேண்டியது வரைந்த கைதான். பார்த்துப் பார்த்து எனக்கும் எழுத்து பிடிபட்டிருந்தது.

முதல் லாரி வருகிற அன்று விடியும்போதே வழியின் குறுக்கே உட்கார்ந்து வரைந்தேன். வேலிக்கு வேலி படம் விரித்த நாகங்கள். ஒன்றுக்கும் கண் இல்லை. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான்.

"நான் இது மேல வண்டி ஏத்த மாட்டேன். பிள்ளைகுட்டி உள்ளவனாக்கும்."

அண்ணன் என்னிடம் வந்தார். "கண்ணு வெச்சு முடிச்சிரு. பூசை செலவு எனக்கு."

"எனக்கு நேரம் உண்டு அண்ணா. மெதுவா வைக்கிறேன்."

காற்று கலைத்ததை அன்றாடம் காலையில் சரிசெய்தேன். லாரி வரும், நிற்கும், திரும்பும். ஜெயித்துவிட்டேன் என்று துள்ளினேன். ஆனால் ஊர் என் பக்கம் வரவில்லை. அந்த வழியாக வந்தவர்கள் சுற்றிப் போனார்கள், என் முகத்தைப் பார்க்கவில்லை. சரிசெய்து முடித்தால் நானே களத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணில்லாத அத்தனை முகங்களும் வீட்டை நோக்கி இருந்தன. அப்படித்தான் நான் வரைந்திருந்தேன்.

மாமியாரின் கட்டிலுக்கு அடியில் ஒரு பாம்பு கிடந்த காலையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, அதுகளுக்குக் கண்ணு தெரியல்ல. வழி தெரியாம வீட்டுக்குள்ள ஏறுது. கண்ணு வெச்சுக் குடு."

"மரத்தை வெட்டினதால வருது அம்மா. கண்ணு வெச்சா லாரி உள்ள வரும். கிணறு போயிரும்."

"கிணறு போனா போட்டு. எனக்குப் பேடியாக்கும், பயந்து கிடக்கேன்."

நான் மாட்டேன் என்றேன். அவர் போய்க் களத்தின் முன் குந்தினார். பழக்கமில்லாத விரலால் உமிக்கரியை எடுத்து ஒவ்வொரு தலையிலும் கண் வைத்தார். ஒன்று மேலே, ஒன்று கன்னத்தில். வரைந்த கைதானே வைக்க வேண்டும் என்று நான் கத்தினேன். தறவாட்டுக் குடும்பத்தில் மூத்தவள் வைத்தால் போதும் என்று அண்ணன் சொன்னார், அவர் கூட்டிவந்த புள்ளுவரும் தலையாட்டினார்கள். விதியெல்லாம் லாரிக்கு இப்படித்தான் ஒதுங்கி வழிவிடும். பாட்டு முடிந்து பெண்கள் களத்தை அழித்தார்கள். மத்தியானம் முதல் லோடு விழுந்தது.

குளம் மனையாயிற்று. வீட்டுக்குள் பாம்பு வரவில்லை. மாமியார் நிம்மதியாக உறங்கினார். அடுத்த கோடையில் கிணற்றில் விட்ட வாளி சேற்றில் போய்ச் சொருகி நின்றது. நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். எங்கள் குடும்பம் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு குடித்ததில்லை. மாமியார் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். அவர்மேல் கொட்டுவதற்கு ஒரு வருடமாகச் சேர்த்துவைத்த வசவெல்லாம் என் வாயில் இருந்தது.

அவரே சொன்னார்: "கண்ணில்லாதப்போ அதுக இங்கயே கிடந்துது மக்கா. கண்ணைக் குடுத்தேன். நம்மளை ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிட்டுது."