கம்பி தீரும்வரை

ஓரின் ஸ்காருக்கு ஒரு கண் மங்கல். டீசல் இஞ்சின் ஓட்ட வேண்டுமென்றால் கண் பரிசோதனையில் தேற வேண்டும். அவர் இரண்டு தடவை தோற்றார். அயோவாவின் அந்தச் சின்ன ஊரில், சிமென்ட் ஆலைக்கும் பெரிய ரயில்பாதைக்கும் நடுவே நான்கு மைல். முப்பத்தொரு வருஷமாக அதில் அவர் ஓட்டியதெல்லாம் ஐம்பத்தேழாம் நம்பர் மின்சார இஞ்சின்தான். கூரைமேல் ஒரு நீளக் கழி, அது தொட்டுக்கொண்டு ஓடும் தாமிரக் கம்பி, அவ்வளவுதான் அதன் உயிர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் கம்பெனி அந்தப் பாதையை டீசலுக்கு மாற்றியது; கம்பியை அவிழ்க்கிற வேலையையும் அவர் தலையிலேயே கட்டியது. தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிற பிழைப்பு. ஆலையிலிருந்து, மறுமுனையில் இஞ்சின் நிறுத்தும் ஷெட்டைப் பார்த்து ஐம்பத்தேழு ஊர்ந்து வரும். பின்னால் கோத்த வண்டியில் நின்று இரண்டு பேர் கடந்துவந்த கம்பியை வெட்டிச் சுருட்டுவார்கள். கம்பி தீர்ந்தால் ஓரினுக்கு வேலையும் தீர்ந்தது. மேலாளர் டெல்பர்ட்டிடம் அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“வேலையைக் கேக்கல. ஐம்பத்தேழை நானே ஓட்டிக்கிட்டுப் போயி ஷெட்டுல விட்டுடறேன். டீசல் வந்து இழுக்க வேணாம்.”

“சரி. ஆனா வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்டை நிறுத்திடுவாங்க. அதுக்குள்ள முடிச்சிடுங்க.”

மனுஷர் கேட்டால்தானே. கழி நழுவிற்று என்பார், பிரேக்கில் காற்று ஏறவில்லை என்பார். செவ்வாய்க்கிழமை, காப்பி ஆறிவிடும் என்று இஞ்சினை அரை மணி நேரம் நிறுத்தியே வைத்தார். கம்பி வெட்டும் கிளாரன்ஸ் பின்வண்டியிலிருந்து சீண்டினான்.

“பெரியவரே, எறும்பு நம்மள முந்திட்டுப் போகுது.”

“போகட்டும். அதுக்குப் போற எடத்துல வேலை இருக்கு.”

“வெள்ளிக்கிழமைன்னு சொன்னாங்களே?”

“போன வருஷமுந்தான் சொன்னாங்க. தள்ளிப் போடலையா?”

தள்ளிப் போட்டார்கள்தான். அதை நம்பி இன்னும் நாலு நாள் இழுத்தார். வீட்டில் சும்மா உட்காரப் போகிறவர், நாலு நாள் கூடுதலாக அந்த இருக்கையில் உட்கார ஆசைப்பட்டார். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், செங்கல் சூளை வளைவில், இஞ்சின் விளக்கு அணைந்தது. மோட்டாரின் முனகல் அடங்கியது. முந்நூறு அடியில் ஷெட் கதவு திறந்து கிடந்தது, அவர் மங்கல் கண்ணுக்கே தெரியும்படி. ஓரின் கைப்பிடியைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

கிளாரன்ஸ் பின்வண்டியிலிருந்து இறங்கி முன்னால் வந்தான். டீசல் வந்து கொக்கி மாட்டிக்கொண்டது. அதன் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

“எறங்கிக்கிறீங்களா, உள்ளயே உட்காந்து வர்றீங்களா?”

“இரு, கழியை இறக்கிக் கட்டிட்டு வரேன்.”

கயிற்றை இழுத்துக் கட்டும்போது கிளாரன்ஸிடம் மெல்லச் சொன்னார்: “செவ்வாய்க்கிழமை அந்தக் காப்பியைக் குடிக்காம இருந்திருக்கலாம்ப்பா.”