சாயக்காரன் சின்னப்பையனின் கட்டைவிரல்

முசரவாக்கத்துச் சின்னப்பையன் தன் வாழ்க்கையில் ஜெயித்தவை என்று பார்த்தால், முதலாவது மூன்று வயதில் வந்த பெரியம்மை. அடுத்தது, ஏர் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்குச் சாயத்தில் என்ன தெரியும் என்று சிரித்த பிள்ளையார்பாளையத்துப் பட்டறையிலேயே பதினாறு வருஷத்தில் தலைமைச் சாயக்காரன் ஆனது. நீலக் கைக்காரனுக்குப் பெண் தரமாட்டேன் என்றவரின் மகள் அம்சாவையே கட்டிக்கொண்டது. மூன்றாவது முயற்சியில் வழுக்குமரம் ஏறி உச்சியில் கட்டியிருந்த வேட்டியை எடுத்தது. அந்த வேட்டி அவன் முழங்காலோடு நின்றுவிட்டது என்பது வேறு விஷயம். கடைசியாக, நான்கு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தது. அவனுடைய அக்கா பெரியநாயகியைக் கேட்டால் இந்தக் கடைசியைத்தான் முதலில் சொல்வாள்.

அவனுக்குச் சர்க்கரை வியாதி என்று முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள். 1971 சித்திரையில், கொல்லையில் அவன் ஒதுங்குகிற இடத்தில் மட்டும் வரிசை கட்டி வந்தன. அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் இன்சுலின் பாட்டிலும் ஊசியும் கொடுத்தார்கள். அம்சா ஊசியைக் கொதிக்க வைத்துப் போடக் கற்றுக்கொண்டாள். கூடவே ஒரு கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் கொடுத்தார்கள். நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சவேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை மிகுதி.

சாயக்காரனிடம் போய் இப்படி ஒரு வேலையைக் கொடுக்கலாமா? நர்ஸ் மேரியின் அட்டையில் ஐந்து நிறம்தான் இருந்தது. இவன் பதினொன்று என்றான். எலுமிச்சை மஞ்சளையும் மாம்பழ மஞ்சளையும் ஒன்று என்று சொன்னால் எங்கள் பட்டறையில் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள் என்று அந்தம்மாளிடமே வாதாடினான்.

தினமும் நிறத்தை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். பெரியநாயகியாவது ஐந்தாவது வரை படித்தவள். அந்த வயதில் மாடு மேய்த்த அவனுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் கழிவுப் பட்டுநூலில் அன்றைய நிறத்துக்குச் சரியான துண்டை எடுத்து, ஆணியில் தொங்கவிட்ட சணல் கயிற்றில் நாளுக்கு ஒரு முடிச்சாகக் கட்டினான். டாக்டரே அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

ஆவணியில் தொடர்ந்து மூன்று நாள் செங்கல் நிறம் வந்தது. மஞ்சள் பட்டுநூலை அரக்குச் சிவப்பாக்கலாம், அரக்கை மஞ்சளாக்க முடியாது என்பது பட்டறையில் முதல் பாடம். அதை அப்படியே தன் உடம்புக்கும் வைத்துக்கொண்டான்.

"ஏறிடுச்சுக்கா. இனிமே இறங்காது" என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

படுத்தவன் பட்டறைக்குப் போகவில்லை. முகம் மழிக்கவில்லை. கோயில் இட்லி என்றால் ஒரு காலத்தில் மதில் தாண்டுகிறவன், கேழ்வரகுக் களியைக்கூட விரலால் தள்ளிவைத்தான். ஊசியை ஒரு நாள் போட்டுக்கொள்வான், இரண்டு நாள் கையை இழுத்துக்கொள்வான். பெரியநாயகி முதலில் சோம்பல் என்றே நினைத்தாள். குளிக்கப் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாயா என்று கிண்டல் செய்தாள். வேறு நாளாக இருந்தால் அவன் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பான். அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. தம்பி இப்படியே போய்விடுவானோ என்று மூன்று வாரம் அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

அம்சா மட்டும் குழாய் காய்ச்சுவதை நிறுத்தவில்லை. கணவன் கட்டாத முடிச்சை அவள் கட்டினாள். நிறம் பார்ப்பதில் அவளும் சளைத்தவள் இல்லை.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, நீ வந்து கைநாட்டு வைக்காவிட்டால் மருந்துப் பாட்டில் தரமாட்டார்களாம் என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பெரியநாயகி அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். கயிற்றையும் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். மருந்து கொடுக்கும் இடத்தில் எழுத்தர் அர்ஜுனன் பேரேட்டை நீட்டினார். சின்னப்பையனின் கைநாட்டு அவருக்குப் பழைய தலைவலி. சாயமும் சலவைச் சோடாவும் தின்ற விரலில் ரேகையே கிடையாது. எப்போது வைத்தாலும் கத்தரிக்காய் நசுங்கினது மாதிரிதான் விழும். அன்றைக்குக் கோடு கோடாக, அச்சுப் போல விழுந்தது.

"இப்பத்தாம்பா மனுசன் கைநாட்டு மாதிரி இருக்குது" என்று மெச்சிக்கொண்டார் அர்ஜுனன்.

பெரியநாயகி அவன் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சாயம் படாமல் ரேகை திரும்ப வளர்ந்திருந்தது. தம்பியின் கை வேலையை மறந்து எத்தனை நாளாயிற்று என்று அந்த விரல் சொல்லிவிட்டது.

மேரி கயிற்றை மேசையில் நீளமாகப் போட்டாள். ஊசி போட்ட நாட்களை அம்சாவிடம் கேட்டுப் பெரியநாயகி தேதியோடு குறித்து வந்திருந்தாள். மேரி ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"இது என்ன நிறம்?"

"செங்கல்."

"அடுத்த நாள் ஊசி போட்டுக்கினீங்க. அதுக்கும் அடுத்த நாளும் போட்டுக்கினீங்க. இது?"

அவன் குனிந்து பார்த்தான். நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கண்ணைச் சுருக்கி ஒரு நிறத்தைப் பார்த்தான்.

"கிளிப்பச்சை" என்றான். பிறகு மெதுவாக, "இதை யாரு கட்டினது? கொஞ்சம் வெளுப்பா கட்டிட்டாங்க."

அந்தக் குறை காதில் விழுந்ததும் பெரியநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஏறினது இறங்கும், மறுபடி ஏறும், இது பட்டு இல்லை உடம்பு என்றாள் மேரி. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டாள். அவன் கயிற்றின் ஒரு முடிச்சை விரலால் உருட்டினான்.

"அப்படி இல்லம்மா. காலையில எழுந்திருக்கணுமேன்னு தோணுது, அவ்ளோதான்."

சர்க்கரைக்காரர்களில் பலருக்கு மனசும் இப்படிப் படுத்துவிடும், அது சோம்பல் இல்லை, அதற்கும் வைத்தியம் உண்டு என்றார் டாக்டர். அக்காவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். வியாழன் தோறும் வந்து அரைமணி பேசிவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாளே துள்ளி எழுந்துவிட்டான் என்று சொன்னால் பொய். மார்கழி முழுக்க இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னேதான். முதலில் முகம் மழித்தான். பிறகு அம்சா கட்டிய முடிச்சுகளில் ஏழு தப்பு என்று அவிழ்த்துக் கட்டி அவளிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டான். பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள் பட்டறைக்குப் போனான். அரை நாள்தான் நின்றான். அடுத்த வாரம் முழு நாள்.

தை முடியும்போது மருந்து வாங்கப் போனால், கத்தரிக்காய் மறுபடியும் நசுங்கியது. அர்ஜுனன் இரண்டு தரம் மை தடவிப் பார்த்துவிட்டு, யோவ், உன் விரல்ல மறுபடியும் ஒண்ணும் இல்லய்யா, கையெழுத்துப் போடக் கத்துக்கினு வா என்று ஒரு சீட்டில் அவன் பெயரை எழுதிக் கொடுத்தார். திட்டு வாங்கினவன் முகம் தொங்கியிருந்தது. அக்கா மட்டும் வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

ஏழு எழுத்து. பட்டறைச் சுவரில் சாயக்குச்சியால் ஆறு நாள் எழுதிப் பார்த்தான். அந்தச் சுவர் இன்றும் மயில்கழுத்து நிறத்தில் அவன் பெயரோடு இருக்கிறது. அடுத்த வியாழன் பேரேட்டில் எழுதியபோது ஐந்தாவது எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மற்ற ஆறும் உள்ளேதான். பெரியநாயகி எட்டிப் பார்த்து எண்ணினாள். பக்கத்தில் தேதியை அர்ஜுனன் எழுதினார்: 10 பிப்ரவரி 1972.