வெள்ளைத் துணியில் வெள்ளை எழுத்து

"சீனப் படமா? உங்களுக்காண்ணே?"

பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாக டேப் எடுக்கும் வீடியோ கடைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். கவிதை, பத்தி என்று எழுதிக்கொண்டிருப்பவனுக்குக் குங்ஃபூ எதற்கு என்று நினைத்திருப்பார். நியாயம்தானே?

எனக்கில்லை, மாரிக்கு. கிள்ளானில் டயர் கடை வைத்திருக்கும் என் பழைய கூட்டாளி மாரியப்பன் இந்த ஒரு படத்தைப் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறான். பெயர் அவனுக்குத் தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாது. 'அண்ணனைக் கொன்னவனைத் தேடிப் போவானே, அந்தப் படம்' என்பான். சீனப் படங்களில் பாதி அந்தக் கதைதான்! போன வாரம் ஒரு டேப் அட்டையில் மூங்கில் காட்டையும், வெள்ளை உடையில் நிற்கும் அந்த ஒல்லிப் பையனையும் பார்த்தேன். கையோடு எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளில், கிள்ளான் தியேட்டர் ஒன்றில் பார்த்த படம் அது. படம் பார்த்தபடி கொறித்துத் துப்பிய குவாச்சி விதைத் தோல் காலடியில் நொறுங்கும். முன்வரிசையில் சீனப் பிள்ளைகள், நடுவில் மலாய்க்காரர்கள், சுவரோரம் நாங்கள். யார் யாரோ... ஆனால் அந்தப் பையன் சண்டைக்கு முன் அசையாமல் நிற்பான் பாருங்கள், அப்போது அத்தனை பேருக்கும் ஒரே மூச்சுதான்.

அந்த நிற்றலைத்தான் நான் இன்றுவரை எழுத முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

மூங்கில் இலையிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கும். எதிரி விசிறியை விரிப்பான். காற்று நின்றுவிடும். பிறகு... படார்! ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல் ஒரு சத்தம். சட்டைக் கை கொடியாய்ப் படபடக்கும். அவன் குதித்தால் தரை அவனை மறந்துவிட்டதோ என்று தோன்றும். கம்பியைக் கட்டித் தூக்குகிறார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். இருக்கட்டுமே! நிலாவைக்கூட ஏதோ ஒன்றுதான் பிடித்து வைத்திருக்கிறது. அதற்காக அண்ணாந்து பார்க்காமல் இருக்கிறோமா?

படம் விட்டதும் தியேட்டர் வாசலில் ஆளாளுக்கு விளக்குக் கம்பத்தை உதைப்பார்கள். நானும் உதைத்தேன். மூன்று நாள் நொண்டினேன்.

மாரி மட்டும் உதைக்கமாட்டான்.

அவன் அந்தப் படத்தை ஒரே வாரத்தில் ஏழு தடவை பார்த்திருந்தான். காரணம் எங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் நடந்த அடிதடியில் அவன் அண்ணன் வெட்டுப்பட்டு, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டார். வெட்டியவன் இன்னான் என்று ஊருக்கே தெரியும். சாட்சி சொல்லத்தான் ஒருவரும் இல்லை. வெளியே வந்துவிட்டான். தினமும் சாயங்காலம் ஒரு காப்பிக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான்.

எட்டாவது தடவைக்கு மாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டான், என்னையும் சிவபாலனையும். ஞாயிற்றுக்கிழமை மேட்னி. "படம் பாத்துட்டு எனக்கொரு வேலை இருக்கு" என்றான். அவன் கையில் நியூஸ்பேப்பரில் சுற்றிய நீளமான ஒரு பொட்டலம். பாராங்கத்தி என்று தெரிய அதைப் பிரிக்க வேண்டியதில்லை.

இதில் சிவபாலன் எதற்கு? அவன் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியின் மகன், யாழ்ப்பாணக் குடும்பம். எங்களில் இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போனவன் அவன் ஒருவன்தான். நாங்கள் தமிழ்ப் பள்ளியோடு சரி. திரைக்கு அடியில் சீன எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் ஓடும். இரண்டும் எங்களுக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். ஆகவே எந்தச் சீனப் படமானாலும் சிவபாலன் நடுவில் உட்கார்ந்து சப்டைட்டிலை வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். பின்வரிசைத் தமிழர்கள் வந்து அவன் தலைக்கு மேல் காதை நீட்டுவார்கள். "சத்தமா சொல்லு தம்பி!" என்று அதட்டல் வேறு.

சீனம் அவனுக்கும் தெரியாது. பசிக்குச் சோறு கேட்கக்கூடத் தெரியாது.

அன்று மாரி ஒரே ஒரு வசனம்தான் கேட்டான். "எல்லாத்தையும் சொல்ல வேணாம். கடைசியில எல்லாரையும் அடிச்சுப் போட்டுட்டு, அண்ணன் சமாதி முன்னாடி மண்டிபோட்டு ஒண்ணு சொல்லிட்டு அழுவான்ல? ஏழு தடவ பாத்துட்டேன். என்ன சொல்றான்னு புரியல. அத மட்டும் சொல்லு."

அந்தக் காட்சி வந்தது. பையன் மண்டியிட்டான். உதடு அசைந்தது. சிவபாலன் முன்னால் சாய்ந்தான், கண்ணைச் சுருக்கினான், கொஞ்சம் தாமதித்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"அண்ணே... எல்லாரையும் முடிச்சுட்டேன். ஆனா நீ எந்திரிச்சு வரலியே."

படம் முடிந்தது. இந்தப் படங்கள் எல்லாம் அப்படித்தான், சட்டென்று உறைந்து நின்றுவிடும். ஏன் தெரியுமா? பழிவாங்கியவன் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வான் என்று எடுத்தவருக்கும் தெரியாது!

விளக்கு போட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள். மாரி எழவில்லை. வெகுநேரம் கழித்து, "வாங்கடா, டீ குடிப்போம்" என்றான். கையை வீசிக்கொண்டு நடந்தான். பொட்டலம் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. நாங்கள் ஒருவரும் நினைவூட்டவில்லை.

பிறகு அவனுக்கு டயர் கடை வந்தது, கல்யாணம் வந்தது, மூன்று பிள்ளைகள் வந்தார்கள். சில வருடங்களுக்கு முன் வெட்டியவனே ஒருநாள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றானாம், டயர் மாற்ற. மாரியை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "என்னடா பண்ணின?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"நாலு நட்டையும் இறுக்கினேன்டா" என்றான் மாரி. "நல்லா இறுக்கினேன். அந்தச் சீனப் பையன் சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

ஒரு வாழ்க்கை முழுவதும் ஒரு வசனத்தின்மேல் நிற்க முடியுமா? நின்றதே!

சரி, டேப்புக்கு வருகிறேன். மாரியை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டு, முதல்நாளே தனியாகப் போட்டுப் பார்த்தேன். புதிதாக மலாய் சப்டைட்டில் போட்டிருந்தார்கள், கறுப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்து. மலாய் இப்போது நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசிக் காட்சி. பையன் மண்டியிட்டான்.

'அண்ணா, பழி தீர்ந்தது. இனி நிம்மதியாக உறங்குங்கள்.'

ரீவைண்ட் செய்தேன். மறுபடியும் அதேதான். மூன்றாம் தடவையும் அதேதான்!

ஷா ஆலம் அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கும் சிவபாலனுக்குப் போன் போட்டேன். "டேய், நீ சொன்னது வேற, இங்க இருக்கறது வேற!"

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். "மச்சான், அந்தப் பையன் துக்கத்துக்கு வெள்ளைதானே உடுத்தியிருந்தான். எழுத்தும் வெள்ளை. ஒரு அட்சரம் தெரியல லா!"

"அப்ப எதப் பாத்துச் சொன்ன?"

"மாரி காலுக்கடியில ஒரு நியூஸ்பேப்பர் இருந்துச்சே" என்றான். "அதப் பாத்துத்தான்."

ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். சப்டைட்டில் திரையில் நிற்பது இரண்டு விநாடி, மிஞ்சினால் மூன்று. அதற்குள், இருட்டில், எழுத்தே இல்லாத இடத்தில் ஒருவன் அப்படியொரு வரியை வாசித்திருக்கிறான். நான் இருபது வருடமாகக் கவிதை எழுதுகிறேன். என் எந்த வரியாவது ஒரு கத்தியைக் கீழே வைக்கச் செய்திருக்கிறதா?

"மாரி படிச்சிருவானேடா" என்றேன்.

"கடைசி சீன்ல பிளக்கப் புடுங்கிரு லா."

ஞாயிறு மத்தியானம் மாரி வந்தான், கையில் மூன்று பாக்கெட் குவாச்சி. சிவபாலன் பழைய பழக்கத்தில் நடுவில் உட்கார்ந்தான். சின்னத் திரைதான், டேப்பும் தேய்ந்த டேப்தான். ஆனாலும் அந்தப் பையன் மூங்கில் காட்டில் அசையாமல் நின்றபோது நாங்கள் மூவரும் மூச்சுவிட மறந்தோம். தொந்தி வைத்த மூன்று ஆண்கள்! குவாச்சி உடைபடும் சத்தம் நின்றுவிட்டது.

கடைசிக் காட்சி. ரிமோட் என் கையில். பட்டனை அமுக்கிவிடலாமா? இருபது வருடம் தேடியவனிடமிருந்தா? அமுக்க மனம் வரவில்லை. பையன் மண்டியிட்டான். சிவபாலன் அவசரமாகத் தொண்டையைச் செருமினான். "அண்ணே... எல்லாரையும்—"

"நீ சும்மா இருடா. இப்பதான் எனக்கே படிக்கத் தெரியுமே."

மஞ்சள் எழுத்து வந்தது. மாரியின் உதடுகள் எழுத்துக்கூட்டுவதுபோல் அசைந்தன. எழுத்து போய்விட்டது. பையன் அழுதான். படம் உறைந்தது.

சிவபாலன் தரையைப் பார்த்தான். நான் சிவபாலனைப் பார்த்தேன். வெளியே ஒரு ரயில் போயிற்று. இத்தனை நீளமாகவா ரயில் விடுகிறார்கள்?

"தப்பா போட்டிருக்கானுங்க" என்றான் மாரி.

திரையில் உறைந்து நின்ற முகத்தைக் கைநீட்டிக் காட்டினான்.

"பழி தீர்ந்துருச்சு, நிம்மதின்னா அவன் எதுக்குடா அப்படி அழுவுறான்? மூஞ்சியப் பாரு. அந்த மூஞ்சி சொல்ற வார்த்தையா இது?" இன்னொரு பாக்கெட்டைப் பிரித்து, சிவபாலனின் உள்ளங்கையை இழுத்து, அது நிறைய குவாச்சியைக் கொட்டினான். "நீ சொன்னதுதான் சரி. சீனம் உனக்குத்தான்டா தெரியும்."

சிவபாலனுக்குச் சீனத்தில் ஒரு சொல்லும் தெரியாது என்பது மாரிக்கு அன்றிலிருந்தே தெரியும்.