குடலைத் துப்பும் அட்டையும் என் கல்யாணமும்

நான் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தேன். அதிலும் பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விட்டேன். ஆனாலும் கடலட்டையைப் பற்றி நாமக்கல்லில் என்னைவிட அதிகம் தெரிந்தவன் இன்றைக்கும் கிடையாது. ஒரு காலேஜ் வாத்தியாரே வந்து ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு போனார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்தது. நான் அதைச் சாட்சியாக வைத்துப் பெண் கட்டியவன்.

அறுபதுகளின் தொடக்கம். சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்திருந்தேன். முதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான். நாமக்கல்லில் வெல்லம் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் கடற்கரைக்குப் போவேன். திரும்பும்போது கருவாடு ஏற்றிவந்து ஓமலூர், மேச்சேரிச் சந்தைகளில் இறக்குவேன். அந்த ரோட்டில் என்னை முந்திப் போன லாரியை நான் பார்த்ததில்லை. அப்படி இருந்தவனுக்கு மேச்சேரியில் ஒரு பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா செம்மறி ஆடு வளர்ப்பவர், தன் ஆடுகளை ஓயாமல் மெச்சிக்கொள்பவர், தூரத்து உறவில் எனக்கு மாமா முறை.

பெண் பார்க்கப் போன இடத்தில் மாமா கேட்டார்: "ஏனுங்க மாப்ளை, ஊரு ஊரா சுத்தறீங்களே, அதிசயமா எதாச்சும் கண்டீங்களா?"

வாயில் பஜ்ஜி இருந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"கடல்ல அட்டைன்னு ஒன்னு இருக்குதுங்க மாமா. சுரைப்பிஞ்சு மாதிரி இருக்கும். பயந்துக்கிச்சுன்னா வயித்துக்குள்ள இருக்கற குடலு பூராவும் பின்பக்கமா வெளியே தள்ளிரும். அப்பறம் ஒன்றரை மாசம் போனா உள்ளுக்குள்ளயே புதுக்குடலு முளைச்சுக்கும்."

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"குடலு முளைக்குதா? முப்பது வருசமா ஆடு அறுக்கறேன். குடலு வெளிய வந்தா உசுரும் வந்துரும். லாரிக்காரன் வாயைத் தொறந்தாப் பொய்யின்னு சொன்னாங்க, நாந்தான் நம்பல. பொய்யனுக்கு என்ற பொண்ணைக் குடுக்க மாட்டேன் சாமி. எந்திரிங்க."

கதவுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று அந்த நொடியில் முடிவு செய்துவிட்டேன்.

"உசுரோட கொண்டாந்து காட்டுனா?" என்றேன்.

"குடலு முளைக்கறதக் காட்டுங்க. பொண்ணு உங்களுக்கு."

அடுத்த நடையில் கடற்கரை மீனவர் ஒருவரிடம் அட்டை கேட்டேன். "காயவச்ச அட்டைய மூட்டை மூட்டையா வாங்கிப் போறாக. உசுரோட கேக்குற மொத ஆளு நீங்கதாண்ணே! என்ன, வளக்கப் போறீகளா?" என்று சிரித்தார். ஆனாலும் நல்ல மனுசன். அட்டை மண்ணைத் தின்று, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மண்ணை வெளியே விடும் என்று சொல்லிக்கொடுத்தார். கடல் மணல் ஒரு மூட்டை, மண்ணெண்ணெய் டின்களைக் கழுவி அதில் கடல் தண்ணீர், அதற்குள் அட்டை. மேச்சேரி போகும்வரை அது என்னோடு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

மாமா வீட்டில் ஆடுகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்று காலியாக இருந்தது. அதில் மணலைப் பரப்பி, கடல் தண்ணீரை ஊற்றி, அட்டையை விட்டேன். மாமாவுக்கு என்மேல் கோபம் இருந்தாலும், வீட்டுக்கு வந்ததை மதிக்காமல் இருக்கத் தெரியாது.

"அத்தனை தூரத்துல இருந்து வந்திருக்குது. தண்ணி காட்டலைன்னா எப்படி?" என்று சொல்லிக்கொண்டே ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றிவிட்டார்.

உப்பிலேயே பிறந்து வளர்ந்ததற்கு நல்ல தண்ணீர் ஆகுமா? அட்டை ஒருமுறை சுருங்கியது. பிறகு இடியாப்பம்போலச் சந்தகை பிழிந்த மாதிரி குடல் மொத்தத்தையும் பின்னால் தள்ளியது. மாமா நான்கு அடி பின்னால் குதித்தார்.

"செத்துப்போச்சு! தண்ணி குடுத்த பாவம் என்ற தலையில!"

"சாகாதுங்க மாமா. ஒன்றரை மாசம் பொறுங்க."

அட்டையைப் பார்த்துக்கொள்ளும் வேலை பெண்ணிடம் போனது. ஆடு வாய் வைக்காமல் தொட்டிக்கு மேல் முள் போட்டு வைத்தாள். ஒவ்வொரு நடையிலும் நான் புதுக் கடல் தண்ணீரும் மணலும் கொண்டுவந்து மாற்றினேன்.

ஒன்றரை மாதம் கழித்து மாமா மறுபடி ஒரு சொம்பு ஊற்றினார். மறுபடியும் சந்தகை. நான் மீசையை முறுக்கினேன்.

மாமா தாடையைச் சொறிந்தார். "ரெண்டு குடலோட பொறந்திருக்கும். மாட்டுக்கு நாலு வயிறு இருக்கறதில்லையா? இதுக்கும் நாலு குடலு இருந்துச்சுன்னா? அஞ்சாவது வாட்டி துப்பட்டும், ஒத்துக்கறேன்."

மறுபடியும் தண்ணீர் சுமந்தேன்.

ஒருநாள் டின்னைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க, இந்த நாத்தம் அட்டையா, நீங்களா?"

"கருவாட்டு லோடுங்க. என்ன பண்றது?"

"அதுவாச்சும் அப்பப்ப உள்ளுக்குள்ள இருக்கறத மாத்திக்குது. நீங்க சட்டையையாச்சும் மாத்தலாமில்ல?"

அன்று மாலையே இரண்டு சட்டை வாங்கினேன்.

மூன்றாவது முறையும் துப்பியது. நான்காவது முறையும் துப்பியது. அதற்குள் மாமாவிடம் ஒரு மாற்றம். சந்தைக்கு வரும் ஆட்களை எல்லாம் "எங்க அட்டையப் பாக்க வாங்க" என்று கூட்டிவர ஆரம்பித்துவிட்டார். ஆனால் என்னிடம் மட்டும் விறைப்பு குறையவில்லை. "அஞ்சாவது வாட்டி துப்பலைன்னா ஓமலூர்ச் சம்பந்தத்துக்குச் சரின்னு சொல்லிருவேன்" என்றார். ஓமலூர் மாப்பிள்ளைக்கு இரண்டு கிணறு இருந்ததாம். எனக்கு ஒரு லாரியும் பத்து டின்னும்.

ஐந்தாவது முறை ஊற்றும் நாள் வந்தது. சந்தைக் கூட்டத்தில் பாதி மாமா வீட்டு வாசலில். மாமா புது வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் வரிந்துகொண்டு, சொம்பை உயர்த்தி ஊற்றினார்.

அட்டை அசையவில்லை.

இன்னொரு சொம்பு. லேசாகச் சுருங்கியது. அவ்வளவுதான். எனக்குக் குடல் வெளியே வந்துவிடும்போல இருந்தது.

கூட்டத்திலிருந்த ஓர் ஆட்டு வியாபாரி சிரித்தார். "ஏனுங்க, கல்லாட்டம் கெடக்குது! குடலு முளைக்குதாம்! லாரிக்காரன்தான் கதை உடறான்னா, நீங்களும் அளக்கறீங்களே. பொழுது போகலீங்களா?"

மாமாவின் முகம் சிவந்தது. "யாரைப் பாத்துப் பொய்யன்னு சொல்ற? நாலு வாட்டி இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். மொத வாட்டிக்கு அப்பறம் வந்ததெல்லாம் புதுசா முளைச்ச குடலு!"

இதுதான் சமயம் என்று நான் பணிவாகக் கேட்டேன்: "மாட்டுக்கு நாலு வயிறுங்களே மாமா?"

"மாடு வேற, இது வேற! மாட்டு வயிறு நாலும் ஒன்னோட ஒன்னு சேந்து கெடக்கும். ஒன்ன மட்டும் துப்ப முடியுமா? அறுக்கறவனுக்குத் தெரியாதா?"

வியாபாரி விடவில்லை. "அத்தனை நம்பிக்கைன்னா மாப்ளைக்கு ஏன் இன்னும் பொண்ணக் குடுக்கல? உங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னுதான அர்த்தம்?"

மாமா சொம்பைக் கீழே வைத்தார். கூட்டத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் என்னைப் பொய்யன் என்றால் அவரும் பொய்யன்.

"குடுக்கலைன்னு எவன் சொன்னான்? வார தையில கல்யாணம். நீயும் வந்து சோறு தின்னுட்டுப் போ!"

"அப்பா, போதும், இனித் தண்ணி ஊத்தாதீங்க" என்று தொட்டிப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது. "அதுக்குக் குளுருது."

கல்யாணத்துக்கு அந்த வியாபாரி வந்தார், இரண்டு பந்தியில் உட்கார்ந்தார். முடிந்த கையோடு புதுப்பெண்ணையும் அட்டையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய், அட்டையை எடுத்த இடத்திலேயே கடலில் விட்டோம். அதன் பிறகு மாமா தன் செம்மறிகளைப் பழையபடி மெச்சியதில்லை. யாராவது புகழ்ந்தால்கூட, "என்ன ஆடுங்க, குடலு போனாப் போனதுதான்" என்று சலித்துக்கொள்வார்.