நிருஷா அக்காவின் சிங்களப் பரீட்சை

எங்கள் பக்கத்து வீட்டு நிருஷா அக்கா குடும்பநல உத்தியோகத்தர். எங்கள் ஊர் நாவற்குடாவில் யாரும் அப்படி நீட்டிச் சொல்வதில்லை. மிட்வைப் மிஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பது அவருடைய வேலை. அந்த அரசாங்க நியமனம் நிரந்தரமாக வேண்டுமென்றால் சிங்களப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். எழுத்தில் சித்தியடைந்துவிட்டார். வாய்மொழியில் போன முறை தவறிவிட்டார். இந்த முறையும் தவறினால் வேலையே சிக்கலாகும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல் ஒரு சிங்கள வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன். அதனால் பின்னேரங்களில் நான்தான் அக்காவின் பரீட்சகர்.

பெயர், ஊர், வீடு, வேலை என்ற வரிசையில் அக்கா பதில்களை மனப்பாடம் செய்திருந்தார். வரிசையில் கேட்டால் தண்ணீர் ஓடுவது போலச் சொல்வார். ஒருநாள் வரிசையை மாற்றி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“பெரிய வாவி இருக்கிறது. அதில் இறால், நண்டு இருக்கின்றன” என்றார் சிங்களத்தில். அது ஊருக்கான பதில்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்ட அம்மா சிரித்தார். “புருசனும் அந்த வாவிக்குள்ளதான் கிடக்காராகா?”

“சிரிக்காதீங்க மாமி. இவள் மாத்திக் கேட்டா நான் என்ன செய்யிற?”

“அங்கயும் மாத்தித்தான் கேப்பாங்க அக்கா,” என்றேன். அக்காவின் முகம் வாடிவிட்டது.

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. எடுத்தது, எங்கள் பக்கம் வாடகைக்கு வந்திருந்த பேக்கரிக்காரர் ஒருவரின் மனைவி, சிங்களப் பெண். அவளுடைய குழந்தை பால் குடிக்காமல் அழுகிறதாம். எப்போதிருந்து, காய்ச்சல் இருக்கிறதா, எத்தனை தரம் சிறுநீர் போனது என்று அக்கா சிங்களத்தில் அடுக்கிக்கொண்டே போனார். நடுவே இலக்கணம் தடுமாறியது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கையால் காற்றில் காட்டியும் பேசினார். கடைசியில் அந்தப் பெண் சிரித்தது எனக்கும் கேட்டது.

“இப்ப கதைச்சது என்ன பாசை?” என்று கேட்டேன்.

“அது வேலைகா. அங்க கேக்கிறது நான். பரீட்சையில கேக்கிறது அவங்க.”

“அப்ப நீங்களும் திருப்பிக் கேளுங்களன்.”

“பரீட்சகரையா? உனக்கு விசரா?”

ஆனாலும் அன்றிலிருந்து மனப்பாடத்தை விட்டோம். நான் கர்ப்பிணியாக, மாமியாராக, ஊசிக்குப் பயந்த தகப்பனாக மாறி மாறி நடித்தேன். அக்கா என்னைக் கேள்வியால் துளைத்தார்.

பரீட்சை நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சேரும் ஒரு மேடமும் இருந்தார்களாம். பெயரும் ஊரும் தடங்கலில்லாமல் போயின. வேலையில் என்ன கஷ்டம் என்று சேர் கேட்டதும் அக்காவுக்குச் சிங்களம் தடுமாறியது. அதைப் பார்த்த மேடம், தன் மகளும் கர்ப்பமாக இருக்கிறாள், கால் வீங்குகிறது என்று சொன்னார். பரீட்சைக்காகச் சொன்னாரா, உண்மையா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எத்தனை மாதம், தலையிடி இருக்கிறதா, கண் மங்குகிறதா, பிரஷர் பார்த்தார்களா என்று கேட்கத் தொடங்கிவிட்டார். மேடம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சேர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மறுகா என்ன நடந்த?” என்றேன்.

“இண்டைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க எண்டு மேடத்துக்குக் கட்டளை போட்டிட்டு வந்திட்டன். பெயில்தான்.”

பெயில் இல்லை. அக்காவின் பெறுபேறு வந்த அன்று நான்தான் போனில் பார்த்துச் சொன்னேன். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கித் தானும் ஒரு தரம் பார்த்தார்.

“அந்த மேடத்திட மகளுக்கு இப்ப பிள்ளை கிடைச்சிருக்கும், என்ன?” என்றார். பிறகு ஸ்கூட்டிச் சாவியைத் தேடினார். கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது.